வாய்க்கால் கரையில் ஒரு கடன்

நவம்பர் மாதம் பிறந்துவிட்டால் நம் பங்குகளின் கல்லறைத் தோட்டங்கள் புதுக்கோலம் பூணுகின்றன. புல் செதுக்கப்படுகிறது. சிலுவைகளுக்குச் சுண்ணாம்பு பூசப்படுகிறது. சாமந்தி மாலையும் மெழுகுதிரியும் ஊதுவத்தியுமாகக் குடும்பங்கள் வந்து நிற்கின்றன. இரண்டாம் நாள் மாலையில் குருவானவர் தீர்த்தச் செம்புடன் கல்லறை கல்லறையாகச் சென்று மந்திரிக்கிறார். "எங்க தாத்தா கல்லறைக்கு வாங்க சாமி" என்று சிறுவர்கள் அங்கியைப் பிடித்து இழுக்கின்றனர்.

அந்த மாலைகளில் எல்லாம் நமக்கு ஒரு மனிதர் நினைவுக்கு வருகிறார். அவர் மேடையில் ஏறியவர் அல்லர். பங்குப் பேரவையில் அமர்ந்தவரும் அல்லர். வேளாங்கண்ணிக்குச் செல்லும் சாலையோரம் ஒரு சிற்றூரில் இரு சக்கர வண்டிகளைப் பழுது பார்த்து வாழ்ந்தவர். ஊரார் அவரை 'மெக்கானிக் அண்ணன்' என்றனர். திருமுழுக்கில் பெற்ற பெயர் ஒன்று அவருக்கும் உண்டு. ஆயினும் அதை நாம் இங்கு எழுதப்போவதில்லை. கோவிலின் மணிமாடத்து மோட்டாரைக் காசு வாங்காமல் சீர்செய்து தந்தபோது, 'உபயம்' என்று பெயர் எழுதிவைக்கப் பேரவையார் விரும்பினர். "டியூப் லைட்டுல பேரு எழுதினா வெளிச்சம் குறையும், மோட்டார்ல எழுதினா சத்தம் கூடும். வேணாம் சாமி" என்று சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டார். அவர் மறுத்ததை அவர் இறந்த பின் நாம் செய்வது முறையன்று.

நாம் குருப்பட்டம் பெற்ற மறு ஆண்டு, அதாவது 2000ஆம் ஆண்டில், அவ்வூரில் உதவிப் பங்குத்தந்தையாக இருந்தோம். பங்கின் பழைய ராஜ்தூத் வண்டிதான் நமக்கு ஊர்தி. கிளைக்கிராமங்களுக்குத் திருப்பலிக்குச் செல்லும் வழியில் அது இழுக்காமல் முனகத் தொடங்கியது. பக்கத்து நகரில் காட்டியபோது, எஞ்சினைப் பிரித்து ரீபோர் செய்யவேண்டும் என்று பெருந்தொகை ஒன்றைச் சொன்னார்கள். மனம் சோர்ந்து திரும்பிய நாம், வழியிலிருந்த தகரக்கொட்டகையில் வண்டியை நிறுத்தினோம். அழுக்கேறிய காக்கிச் சட்டையுடன் ஒருவர் வெளியே வந்தார். வயது நாற்பத்தைந்து இருக்கும். வண்டியை உதைத்துக் கிளப்பச் சொன்னார். நீண்ட திருப்புளி ஒன்றை எடுத்து, அதன் முனையை எஞ்சினின் மேல் ஊன்றி, கைப்பிடியைத் தம் காதோரத்து எலும்பில் பதித்துக் கண்களை மூடிக்கொண்டார். உள்ளே பேரிங் தேய்ந்திருந்தால் அந்த இரும்பின் வழியே ஓசை வந்துவிடுமாம். ஒரு நிமிடம் அப்படியே நின்றார்.

"நெஞ்சுல கோளாறு இல்ல சாமி. மூச்சுதான் முட்டுது" என்றார்.

சைலன்சரைக் கழற்றினார். உள்ளே கரி அடைத்துக் கிடந்தது. பெட்ரோலுடன் கலக்கும் எண்ணெயை அளவுக்கு மீறி ஊற்றினால் இந்த வகை எஞ்சின்களில் அது முழுதும் எரியாமல் புகைக்குழாயில் கரியாகப் படிந்துவிடும் என்று விளக்கினார். கரியை நெருப்பில் சுட்டு உதிர்த்தார். வண்டி புதிதுபோல் சீறிக் கிளம்பியது. கூலி கேட்டோம். "மண்ணெண்ணெய்க்கு அஞ்சு ரூபா குடுங்க. நல்லா ஓடணும்னு பாசத்துல எண்ணெய ஊத்திட்டீங்க. பாசத்துக்குக் கூலி வாங்கக்கூடாது" என்றார்.

அன்று முதல் அந்தக் கொட்டகை நமக்குப் பழக்கமான இடமாயிற்று. பள்ளிப் படிப்பை விட்ட பையன்கள் இரண்டு மூன்று பேர் அவரிடம் எப்போதும் தொழில் பழகினர். பிளக் இடைவெளி பார்ப்பதையும் கார்புரேட்டர் ஜெட்டை ஊதிச் சுத்தம் செய்வதையும் கற்றுக்கொடுத்தபடியே, தனித்தேர்வர்களாகத் தேர்வு எழுதவேண்டும் என்றும் அவர்களை நச்சரிப்பார். மாலை ஆறு மணிக்கு மேல் ஸ்பேனரைத் தொடவிடமாட்டார். புத்தகத்தை எடுக்கச் சொல்வார். ஞாயிறு திருப்பலிக்கு வருவார். எண்ணெய்க் கறை போகாத கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கடைசி வாயிலோரம் நிற்பார்.

அவருக்கு இன்னொரு வேலையும் இருந்தது என்பதை நாம் சற்றுத் தாமதமாகவே அறிந்தோம். அந்தச் சாலையில் விபத்து நடந்தால் முதலில் ஓடுபவர் அவர்தாம். 108 ஆம்புலன்ஸ் சேவை தமிழகத்திற்கு வந்தது 2008இல்தான். அதற்கு முன் அடிபட்டவரின் உயிர், அவ்வழியே வரும் யாரோ ஒருவரின் மனத்தைப் பொறுத்தே இருந்தது. சட்டச் சடங்குகளுக்காகக் காத்திராமல் உடனே சிகிச்சை அளிப்பது மருத்துவரின் கடமை என்று உச்ச நீதிமன்றம் 1989இலேயே தீர்ப்பளித்துவிட்டது. ஆனால், தூக்கிச் செல்பவரின் நிலை? யார், என்ன, நீ ஏன் அங்கிருந்தாய் என்ற விசாரணை. பின்னர் ஆண்டுக்கணக்கில் சாட்சிக் கூண்டு. உதவுவோர்க்கான பாதுகாப்பு நெறிமுறைகளுக்கு உச்ச நீதிமன்றம் ஒப்புதல் தந்தது 2016இல். மோட்டார் வாகனச் சட்டத்திலேயே அது இடம்பெற்றது 2019இல். அதற்கெல்லாம் முன்பே இந்த மனிதர், வைக்கோல் ஏற்றிவந்த மாட்டுவண்டியிலும் மீன் ஏற்றிவந்த வேனிலும் அடிபட்டோரை ஏற்றிக்கொண்டு அரசு மருத்துவமனைக்கு ஓடினார். நீதிமன்ற அழைப்பு வரும் நாள்களில் கொட்டகை பூட்டியிருக்கும். கூலி போகும், வாடிக்கை போகும். அதைப் பற்றி அவர் குறைசொல்லி நாம் கேட்டதில்லை.

பிழைக்காதவர்களும் உண்டு. அவர்களுள் உற்றார் யாரெனத் தெரியாதவர்களும் உண்டு. பிரேதப் பரிசோதனை முடிந்து, சில நாள் காத்திருந்தும் யாரும் வராத உடலை அடக்கம் செய்ய ஆள் வேண்டும் எனில், காவல் நிலையத்து ஏட்டையா சொல்லியனுப்புவது இவருக்குத்தான். இவரும் பட்டறைப் பையன்களும் வாய்க்கால் கரையிலிருந்த புறம்போக்கு நிலத்தில் குழி வெட்டிப் புதைப்பார்கள். இக்காரணத்தாலேயே திருவிழாத் தேரின் வடத்தில் அவர் பக்கத்தில் கைவைக்கத் தயங்கியவர்கள் நம் பங்கிலேயே இருந்தார்கள்.

2000ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாத இறுதி. வேளாங்கண்ணியில் கொடியேறும் நாள் நெருங்கிவிட்டது. ஆகஸ்ட் 29 தொடங்கி செப்டம்பர் 8 முடிய நடக்கும் அத்திருவிழாவுக்குக் காவியுடை அணிந்த பக்தர்கள் இரவும் பகலும் நடந்து செல்வதை நம் வாசகர்கள் அறிவார்கள். அவர்களுள் ஒருவரை நள்ளிரவில் லாரி ஒன்று அடித்துப் போட்டுவிட்டுச் சென்றது. கூட்டத்தோடு வராமல் தனியே நடந்தவர். மருத்துவமனை சேரும்முன் உயிர் பிரிந்துவிட்டது. பையில் முகவரி இல்லை. கழுத்தில் செபமாலையும் இல்லை. நெற்றியில் வேறு அடையாளமும் இல்லை. காவி வேட்டி, கட்டம் போட்ட சட்டை, அவ்வளவே.

நான்காம் நாள் காலையில் மெக்கானிக் நம் இல்லத்து வாயிலில் வந்து நின்றார். பங்குத்தந்தை சிகிச்சைக்காக வெளியூர் சென்றிருந்தபடியால் பொறுப்பு நம் கையில் இருந்தது.

"சாமி, அந்த யாத்திரைக்காரர நம்ம கல்லறைத் தோட்டத்துல ஒரு ஓரமா வச்சிடலாமா? மாதாவப் பாக்க வந்தவரு. வாய்க்கால் கரையில போட மனசு வரல. நம்ம தூம்பாவுல தூக்கிட்டு வந்து, நீங்க ஒரு ஜெபம் சொன்னா போதும்."

நாம் உடனே மறுக்கவில்லை. மறுத்திருந்தால்கூட அது நேர்மையான பிழையாக இருந்திருக்கும். பேரவையின் மூத்தவர்கள் இருவரை அழைத்துக் கலந்து பேசினோம். காவல்துறை வழக்கு இருக்கிறதே என்றார் ஒருவர். "யாரு, என்னன்னு தெரியாதே சாமி" என்றார் மற்றவர். அந்த 'என்ன' என்ற சொல்லின் பொருள் நம் நாட்டில் யாருக்கும் விளக்கவேண்டியதில்லை. இறந்தோர் உறங்கும் மண்ணிலும் வரப்புப் போட்டுக்கொள்ளும் மனம் நம்முடையது. நமக்கோ வயது முப்பதுகூட ஆகவில்லை. திருச்சபைச் சட்டத்தைப் புரட்டினோம். திருமுழுக்குச் சான்று இல்லையே என்று நினைத்தோம். இறுதியில், "வரும் ஞாயிறு பேரவையில் வைத்துக் கேட்டுச் சொல்கிறோம்" என்றோம்.

அன்று செவ்வாய்க்கிழமை. பிணம் ஞாயிறுவரை காத்திருக்காது என்பது நமக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"சரிங்க சாமி" என்று சொல்லிப் போய்விட்டார். அன்று மாலையே வாய்க்கால் கரையில் அடக்கம் முடிந்தது. அவரும் இரண்டு பையன்களும்தான் இருந்தார்களாம். நாம் போகவில்லை. அழைக்கவில்லையே என்று நம்மை நாமே சமாதானம் செய்துகொண்டோம்.

மறுநாள் வண்டியின் கிளட்ச் கம்பி அறுந்தது. தள்ளிக்கொண்டு அவர் கொட்டகைக்குத்தான் போகவேண்டியிருந்தது. அவர் எப்போதும்போல முகம் மலர்ந்து எழுந்து, ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். முந்தைய நாளைப் பற்றி ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. அவர் சினந்திருந்தால் நாம் நம் தரப்பை எடுத்துரைத்திருப்போம். அதற்கு அவர் இடம் தரவில்லை. 2002இல் மாறுதல் பெற்று அவ்வூரைவிட்டுப் புறப்படும்வரை அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை.

பசித்தோர்க்கு உணவளித்தல் முதலாக உடல் சார்ந்த இரக்கச் செயல்கள் ஏழு என்று நாம் மறைக்கல்வியில் கற்பிக்கிறோம். அவற்றுள் ஆறு, மத்தேயு நற்செய்தியின் இருபத்தைந்தாம் அதிகாரத்து இறுதித் தீர்ப்புக் காட்சியிலிருந்து வந்தவை. ஏழாவதாகிய இறந்தோரை அடக்கம் செய்தல் அப்பட்டியலில் இல்லை. தோபித்து நூலைக் கண்முன் கொண்டு திருச்சபையின் மரபு அதைச் சேர்த்துக்கொண்டது. விருந்துக்கு அமர்ந்த தோபித்து, தெருவில் ஒருவன் கொல்லப்பட்டுக் கிடக்கிறான் என்று கேட்டதும் உணவைத் தொடாமல் எழுந்து ஓடுகிறார். உடலைக் கொணர்ந்து வைத்துச் சூரியன் மறைந்தபின் குழி தோண்டிப் புதைக்கிறார். அயலாரோ அவரைப் பார்த்து நகைக்கிறார்கள். குருமடத்தில் இந்த நூலைப் பற்றித் தேர்வெழுதி நல்ல மதிப்பெண் பெற்றவர்கள் நாம். அந்நூலின் மனிதர் நம் வாயிலில் வந்து நின்றபோதோ, ஞாயிற்றுக்கிழமை வரச்சொல்லி அனுப்பினோம்.

பதினைந்து ஆண்டுகள் கழிந்தன. 2017இல் அதே ஊருக்குப் பங்குத்தந்தையாக அனுப்பப்பட்டோம். தகரக்கொட்டகை அப்படியே இருந்தது. அவர் தலை நரைத்திருந்தது. பழகிய பையன்களில் மூத்தவர் இப்போது கூட்டாளியாகியிருந்தார். ராஜ்தூத்துகள் மறைந்து, கியர் இல்லாத ஸ்கூட்டர்கள் வரிசையாக நின்றன. நம்மைக் கண்டதும் அதே ஸ்டூல் துடைத்துப் போடப்பட்டது. தேநீர் வந்தது. பையன்களைக் கடைத்தெருவுக்கு அனுப்பிவிட்டு அவர் பேசத் தொடங்கினார். அது ஒப்புரவு அருட்சாதனம் அன்று; பட்டறைப் பேச்சு. ஆகவே இங்கு எழுதத் தடையில்லை.

மேல்தட்டிலிருந்து ஒரு நீண்ட நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். ஓரங்களில் கிரீஸ் படிந்த விரல் தடங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு தேதி, உயரம், ஏறத்தாழ வயது, சட்டையின் நிறம், காலரின் உட்புறத்தில் இருந்த தையற்கடைத் துணிச்சீட்டின் எழுத்து, தழும்பு, மச்சம், விழுந்த பல். கரையில் எந்த இடம் என்பதற்கு ஒரு சிறு கோட்டுப்படம். யாரேனும் தேடி வந்தால் காட்டுவதற்காக அவர் எழுதி வைத்தது. முப்பதுக்கு மேற்பட்ட பக்கங்கள். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26 என்று தலைப்பிட்ட பக்கத்தில் மட்டும் எதுவும் இல்லை. ஆழிப்பேரலை அன்று நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. இவர் கொட்டகையைப் பூட்டிவிட்டுக் கடற்கரைக்குச் சென்று பல நாள் அங்கேயே இருந்தாராம். "எழுத உக்காந்தேன் சாமி. முடியல" என்று மட்டும் சொன்னார்.

பின்பு ஒரு பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். ஆகஸ்ட் 2000. கட்டம் போட்ட சட்டை.

"நீங்க மாறிப்போன அடுத்த வருசம், திருவிழாச் சமயத்துல ஒரு அம்மா வந்தாங்க. கையில போட்டோ. மூணு வருசமா ஒவ்வொரு திருவிழாவுக்கும் இந்த ரோட்டுல வந்து டீக்கடை டீக்கடையா விசாரிச்சிருக்காங்க. நோட்டப் பாத்ததும் தையக்கடை பேர அடையாளம் சொல்லிட்டாங்க. அவங்க வீட்டுக்காரர்தான். நம்ம வேதம் இல்ல சாமி. புள்ளைக்கு உடம்பு தேறுனா நடந்து வர்றேன்னு மாதாவுக்கு நேந்துக்கிட்டவராம். கரைக்குக் கூட்டிப்போனேன். ரொம்ப நேரம் உக்காந்திருந்தாங்க. அப்புறம் கேட்டாங்க: 'மாதா கோயில் சாமியாரு வந்து மந்திரம் சொன்னாரா அண்ணே?'"

அவர் சற்று நிறுத்தினார். நாம் தேநீர்க் குவளையைக் கீழே வைத்தோம்.

"வந்தாருன்னு சொல்லிட்டேன் சாமி. அந்த அம்மா முகத்தப் பாத்து இல்லன்னு சொல்ல வரல. பொய்தானே? பாவந்தானே?"

பொய்யை விளையாட்டுப் பொய், உதவும் பொய், தீங்குப் பொய் என்று புனித தாமஸ் அக்குவினார் மூவகையாகப் பிரித்துரைத்ததை நாம் அறநெறி இறையியல் வகுப்பில் மனப்பாடமாக ஒப்புவித்தவர்கள். அன்று நம் நாவில் ஒன்றும் வரவில்லை. அவருடைய பொய்யைக் குறித்துத் தீர்ப்புக் கூற நாம் யார்? அந்தப் பொய்க்குக் காரணமே நாமல்லவா?

அவரே முடித்தார்: "அத உண்மையாக்கிடுங்க சாமி. எப்ப முடியுமோ அப்ப."

இதைச் சொல்ல அவர் பதினான்கு ஆண்டுகள் காத்திருந்தார். குற்றம் சாட்டவில்லை. பழுதான வண்டியைப் பார்ப்பதுபோல்தான் பார்த்தார். யார் கெடுத்தது என்று கேட்காமல், எப்படி ஓடவைப்பது என்பதை மட்டும் பேசினார்.

அப்படியும் நாம் உடனே போனோமா என்றால், இல்லை. அவ்வாண்டு நவம்பரில் காய்ச்சல். பிறகு கோவில் கூரை வேலை. பின் திருவிழாக் கணக்கு. தள்ளிப்போடும் நோய் வயதோடு தீர்வதில்லை. 2018 நவம்பர் 2ஆம் நாள் மாலையில்தான், கல்லறைத் தோட்டத்தில் மந்திரிப்பு முடிந்து கூட்டம் கலைந்தபின், அவருடைய டி.வி.எஸ். வண்டியின் பின்னால் அமர்ந்து வாய்க்கால் கரைக்குச் சென்றோம். இருட்டிவிட்டது. டார்ச் ஒளியில் பூவரச மரங்கள் வரிசையாகத் தெரிந்தன. சிலுவை நட்டால் ஒரு சாரார் கேட்பார்கள், வேறொன்று நட்டால் இன்னொரு சாரார் கேட்பார்கள் என்று, ஆளுக்கு ஒரு பூவரசம் போத்தை ஊன்றிவைத்திருந்தார். அவை வேர்பிடித்து மரங்களாகியிருந்தன. "இவருதான் சாமி" என்று ஒரு மரத்தைத் தொட்டுக் காட்டினார். பதினெட்டு ஆண்டுகள் தாமதமாக நாம் அந்தச் செபத்தைச் சொன்னோம். தீர்த்தம் தெளித்தபோது இலைகளில் விழுந்த ஓசை கேட்டது. அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கோவிலில் நிற்பதுபோலவே நின்றார். திரும்பும் வழியில், "இப்ப சரியாப் போச்சு" என்றார். அவ்வளவுதான்.

சரியாக இரண்டு வாரம் கழித்து, நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தது. தென்னந்தோப்புகள் சாய்ந்தன, பல்லாயிரம் மின்கம்பங்கள் முறிந்தன, ஓட்டு வீடும் கூரை வீடும் திறந்துகிடந்தன. அவருடைய தகரக்கொட்டகை எங்கோ வயலில் கிடந்தது. மின்சாரம் இல்லாததால் மேல்நிலைத் தொட்டியில் நீர் ஏறவில்லை. மூன்றாம் நாள் மக்கள் குடத்துடன் குட்டையில் இறங்கத் தொடங்கினர். இம்முறை அவர் வந்து கேட்கும்வரை நாம் காத்திருக்கவில்லை. நாமே தேடிச் சென்றோம். தம் கொட்டகைத் தகரத்தைத் தேடாமல், யாருடைய வீட்டின் மேலோ விழுந்த முருங்கையை வெட்டிக்கொண்டிருந்தார். "கோவில் ஜெனரேட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஏற்ற முடியுமா பாருங்கள்" என்றோம். திருவிழா விளக்குகளுக்காக மட்டும் வெளியே வரும் அந்த ஜெனரேட்டரை டிராக்டரில் ஏற்றித் தொட்டியடிக்குக் கொண்டுசென்றோம்.

மாலையில் இணைப்புக் கொடுத்து ஓடவிட்டார். மோட்டார் ஓடியது. குழாயில் நீர் வந்தது; ஆனால் நூலாக வந்தது. ஜெனரேட்டருக்குச் சக்தி போதவில்லை என்று எல்லோரும் சலித்துக்கொண்டனர். அவர் குழாயின்மேல் கையை வைத்துப் பார்த்தார். காதை வைத்துக் கேட்டார். பின் இயந்திரத்தை நிறுத்தி, மூன்று கம்பிகளில் இரண்டை மட்டும் இடம் மாற்றி முடுக்கினார். மறுபடி ஓடவிட்டதும் நீர் முழு வேகத்தில் பாய்ந்தது. வியந்து கேட்டோம். "ஒண்ணும் கெட்டுப்போகல சாமி. திரும்பிச் சுத்திக்கிட்டு இருந்துச்சு. திரும்பிச் சுத்துனாலும் மோட்டார் ஓடும், சத்தம் வரும், கொஞ்சம் தண்ணியும் வரும். அதனால யாருக்கும் சந்தேகம் வராது" என்றார்.

அவர் மோட்டாரைப் பற்றித்தான் சொன்னார். நாம் நம் குருத்துவத்தின் முதல் ஆண்டுகளைப் பற்றி எண்ணிக்கொண்டிருந்தோம். திருப்பலி நடந்தது, கூட்டங்கள் நடந்தன, பதிவேடுகள் ஒழுங்காக இருந்தன, கொஞ்சம் தண்ணீரும் வந்தது.

புயலுக்குப் பின் 2019இல், நம் கல்லறைத் தோட்டத்தின் ஒரு மூலையை யாருமற்றோருக்காக ஒதுக்கவேண்டும் என்று பங்குப் பேரவையில் வைத்தோம். "யாரு, என்னன்னு தெரியாதவங்களையா?" என்ற பழைய கேள்வி புதிய குரலில் எழுந்தது. நாம் பதில்கூறும் முன்பே மூதாட்டி ஒருவர் எழுந்தார். "புயலப்போ தொட்டியடியில வரிசையா நின்னு தண்ணி புடிச்சோமே, அப்ப முன்னால நிக்கிறது யாரு, என்னன்னு கேட்டோமா?" தீர்மானம் நிறைவேறிற்று. செய்தியைச் சொன்னபோது மெக்கானிக் மகிழ்ந்தார். ஆனாலும் சொன்னார்: "நல்லது சாமி. கரையில இருக்கிறவங்கள மறந்துடாதீங்க."

2020 ஏப்ரலில் புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிகள் நடைமுறைக்கு வந்தபின், புதிய வண்டிகளில் கார்புரேட்டர் ஏறத்தாழ மறைந்தே போயிற்று. கணினிக் கருவியைப் பொருத்திப் பழுது கண்டறியும் காலம் வந்தது. தம்மிடம் பழகியவரிடமே அவர் ஸ்டூல் போட்டு அமர்ந்து அதைக் கற்றார். அறுபத்தைந்து வயதில் மாணவராக இருப்பதில் அவருக்கு வெட்கம் இல்லை.

2022இல் நாம் மீண்டும் மாறுதல் பெற்றோம். 2023ஆம் ஆண்டுத் தவக்காலத்தில் ஓர் அதிகாலை தொலைபேசி ஒலித்தது. உறக்கத்திலேயே போய்விட்டார். நாம் சென்று சேர்ந்தபோது சாலை நிறைய வண்டிகள். காவல்நிலையத்து ஏட்டுகள், ஆம்புலன்ஸ் ஓட்டுநர்கள், பிணவறை ஊழியர், பள்ளிவாசல் பெரியவர்கள், அவர் எண்ணெய்க் கறையைக் கண்டு ஒதுங்கியவர்களின் பிள்ளைகள், எல்லோரும் வந்திருந்தனர். அன்று அவர் நமக்கு இரவல் கேட்ட அதே தூம்பாவில்தான் அவரைத் தூக்கிச் சென்றோம். நாமும் ஒரு புறம் தோள்கொடுத்தோம். குடும்பக் கல்லறை இருந்தும், யாருமற்றோருக்கென ஒதுக்கிய அந்த மூலையில் வைக்கவேண்டும் என்று மனைவியிடம் முன்பே சொல்லியிருந்தாராம். அங்கேதான் உறங்குகிறார்.

நோட்டுப் புத்தகம் இப்போது அவரிடம் தொழில் பழகிய கூட்டாளியின் மேல்தட்டில் இருக்கிறது. அதில் இன்னும் வெற்றுப் பக்கங்கள் உள்ளன. வாய்க்கால் கரையில் கஜா சாய்த்த பூவரசுகளில் அந்த யாத்திரைக்காரரின் மரமும் ஒன்று. மெக்கானிக் முட்டுக்கொடுத்து நிமிர்த்தினார், சாய்ந்தபடியே துளிர்த்திருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 2ஆம் நாள் நம் பங்கில் மந்திரிப்பு முடிந்தபின், எவ்வளவு தொலைவானாலும் அங்கே சென்றுவருகிறோம். பேருந்தில் செல்லும்போது சில நேரம் நள்ளிரவாகிவிடுகிறது. அந்த ஒரு நாளைமட்டும் நாம் தள்ளிப்போடுவதில்லை.

அன்பு வாசகர்களே, இம்மாதம் உங்கள் உற்றாரின் கல்லறைக்கு மாலையிட்டுத் திரும்பும்போது, உங்கள் ஊரில் பெயரின்றிப் புதைக்கப்பட்டவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று ஒருமுறை விசாரியுங்கள். காவல்நிலையத்தில் சொல்வார்கள். உங்கள் கல்லறைத் தோட்டத்தில் அவர்களுக்கு ஒரு மூலை உண்டா என்று உங்கள் குருவானவரைக் கேளுங்கள். அவர், "பேரவையில் வைத்துக் கேட்டுச் சொல்கிறேன்" என்று கூறினால் சினம் கொள்ளாதீர்கள். சரிங்க சாமி என்று சொல்லுங்கள். ஆனால் மறுபடியும் சென்று கேளுங்கள்.